எந்த அருணாசலம்?

ஊரக வளர்ச்சித் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

பயிற்சி வகுப்பில் உங்களுக்கு விதிகளையெல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எந்தப் படிவம் எதற்கு, எந்தக் கையெழுத்து எங்கே என்றெல்லாம் நான் மறுபடி சொல்லப்போவதில்லை. சொன்னால் எனக்கே தூக்கம் வரும். நான் சொல்ல வந்தது ஒரு பெயரைப் பற்றி. திருவண்ணாமலை மாவட்டத்தில் வேலை பார்க்கிற யாரையும் நிம்மதியாக இருக்க விடாத பெயர் அது. அருணாசலம்.

மலையடியில் பிறந்த பிள்ளைக்கு மலையின் பெயரை வைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் சாமியைக் குறை சொல்லவில்லை, மனிதர்களைத்தான் சொல்கிறேன். அப்பா அண்ணாமலை, பிள்ளை அருணாசலம். அந்தப் பிள்ளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால் தாத்தா பெயர் வைக்க வேண்டும், ஆகவே அண்ணாமலை. ஆக எல்லா அருணாசலத்துக்கும் இனிஷியல் அ. எல்லா அண்ணாமலைக்கும் இனிஷியல் அ. இனிஷியல் என்று ஒன்றை எதற்காக வைத்தார்களோ அந்தக் காரியம் எங்கள் ஊரில் மட்டும் நடக்கவே நடக்காது.

என் போனில் 'அருணாசலம் ரோடு', 'அருணாசலம் தண்ணி டேங்க்', 'அருணாசலம் டிரைவர்', 'அருணாசலம் எடுக்காதே' என்று வரிசையாக இருந்தார்கள். கடைசியில் இருந்தவர் ஒரு ஒப்பந்ததாரர். என் வீட்டுக்காரர் பெயரும் அதுதான் என்பது என் தலையெழுத்து. அவர் 'அருணாசலம் வீடு'. ஒருநாள் அவசரத்தில் 'வரும்போது அரை கிலோ தக்காளி வாங்கிட்டு வாங்க' என்று அனுப்பியது ரோடு அருணாசலத்துக்குப் போய்விட்டது. அந்த மனிதர் ஒரு கூடைத் தக்காளியோடு அலுவலகத்தில் வந்து நின்றார். அதைத் திருப்பி அனுப்புவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அன்றைக்கு ரசத்துக்கும் தக்காளி இல்லை.

இன்னொன்று. ஒரு அரசு விழாவில் மேடையில் பெயர் படிக்கிற வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். 'முன்னாள் ஒன்றியத் தலைவர் திரு. அ. அருணாசலம் அவர்களுக்குப் பொன்னாடை' என்று எழுதிக் கொடுத்ததைப் படித்தேன். இரண்டு பேர் எழுந்தார்கள். இருவருமே முன்னாள் ஒன்றியத் தலைவர்கள். இருவருமே அ. அருணாசலம். இருவருக்கும் ஒருவரை ஒருவர் ஆகாது. பொன்னாடையோ ஒன்று. இருவரும் கலெக்டருக்கு எதிரில் வந்து கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், கீழே இரண்டு கூட்டமும் கை தட்டுகிறது. நான் கலெக்டர் தோளில் அப்போதுதான் போட்டிருந்த பொன்னாடையைக் கேட்டு வாங்கி இரண்டாமவருக்குப் போட வைத்தேன். கலெக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதிக் கொடுத்தவனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். ஒரே பெயர் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை நான் பார்த்தது போன உள்ளாட்சித் தேர்தலில்தான். அதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு ஊராட்சி. பெயர் வேண்டாம், நீங்கள் அங்கே போகத்தான் போகிறீர்கள். ஊராட்சித் தலைவர் பதவிக்கு நான் உதவித் தேர்தல் அலுவலர். வேட்புமனு போட்டவர்களில் மூன்று பேர் அருணாசலம்.

முதலாமவர் ஏற்கெனவே தலைவராக இருந்தவர். மேட்டுத் தெருவில் மாடி வீடு, வெள்ளைக் கார். ஊரில் பதவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவரைத் 'தலைவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டாமவர் கிரிவலப் பாதைக் கடைக்காரர்கள் சங்கத்தின் செயலாளர். அவர் 'சங்கத்து அருணாசலம்'. பௌர்ணமிக்கு யார் எங்கே கடை போடலாம் என்பது அவர் சொன்னால்தான் நடக்கும். இந்த இருவருக்கும் அப்பா பெயர் அண்ணாமலை. வேறு வேறு அண்ணாமலை.

மூன்றாமவருக்கு அப்பா பெயர் ஆறுமுகம். ஆ. அருணாசலம். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போனவர், கட்டை ஊன்றி நடப்பார். ஊர்க்காரர்கள் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கிற ஊரில் அடையாளத்துக்கு நம் ஜனங்கள் கண்டுபிடித்த வழி, ஆளிடம் என்ன குறையோ அதைப் பெயருக்கு முன்னால் ஒட்டுவது. எங்கள் அலுவலகத்தில் அவருக்கு வேறு பெயர். 'மனு அருணாசலம்'. அவர் காதுபட யாரும் சொன்னதில்லை.

அந்தப் பெயர் ஏனென்றால், திங்கள்கிழமை தவறினாலும் அவர் மனு தவறாது. கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பார், அது சுற்றிச் சுற்றி எங்கள் மேசைக்கு வரும். எப்போதும் ஒரே விஷயம். அவர் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. நடுவில் ஒரு ஓடை. மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போக வேண்டும். அவருடைய அம்மா மழையில் செத்தபோது மற்றவர்கள் பாடையோடு தண்ணீரில் இறங்கிவிட்டார்கள், இவரால் முடியவில்லை. கட்டையை ஊன்றிக்கொண்டு கரையிலேயே நின்றுவிட்டார். அதை ஒவ்வொரு மனுவிலும் எழுதியிருப்பார். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் எழுதுவோம். அவரைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கும் எங்களுக்கு. உள்ளே வரும்போதே அந்தக் கட்டைச் சத்தம் கேட்கும், ஆளாளுக்குக் கோப்பில் தலையைப் புதைத்துக்கொள்வோம்.

இவர் வேட்புமனு போட்டதும் ஊர் முடிவு கட்டிவிட்டது. ஓட்டைப் பிரிப்பதற்காக ஒரே பெயரில் ஒரு ஆளைப் பிடித்து நிறுத்துவது நம் ஊரில் பழைய தந்திரம்தானே. தலைவர் ஆட்கள், இவரைச் சங்கம்தான் நிறுத்தியது என்றார்கள். சங்கத்து ஆட்கள், தலைவர்தான் நிறுத்தினார் என்றார்கள். அந்த மனிதன் தானாக நிற்க ஆசைப்பட்டிருக்கலாம் என்று ஒரு ஜீவனுக்கும் தோன்றவில்லை. அவர் தெருக்காரர்களுக்கு மட்டும் தெரியும். அவர்கள்தான் கூடிப் பேசி, 'மனு கொடுத்துப் பார்த்தாச்சு, இனிமே நீயே போய் அந்த நாற்காலியில உக்காரு' என்று அவரை நிறுத்தியவர்கள்.

வாபஸ் வாங்க மூன்று மணி வரைதான் நேரம். கடைசி நேரத்தில் வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. தலைவருடைய கார். அதிலிருந்து இறங்கியவர் சங்கத்து அருணாசலம். இருவருக்கும் நடுவில் என்ன பேச்சு முடிந்ததோ எனக்குத் தெரியாது, அது என் வேலையும் இல்லை. விறுவிறுவென்று உள்ளே வந்தார், வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டார், தண்ணீர் கேட்டுக் குடித்தார், போய்விட்டார்.

அவர் படி இறங்குவதற்குள் வெளியே ஒருத்தன் கத்தினான்.

"அருணாசலம் வாபஸ்!"

அவ்வளவுதான். எந்த அருணாசலம் என்று கத்தினவனும் சொல்லவில்லை, கேட்டவனும் கேட்கவில்லை. பகுதிநேர நிருபர் ஒருத்தர் மரத்தடியில் நின்றபடியே வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டார்: 'ஊராட்சித் தலைவர் தேர்தல். வேட்பாளர் அருணாசலம் திடீர் வாபஸ். பின்னணி என்ன?' பின்னணியை விசாரிக்கத் தெரிந்தவருக்கு இனிஷியலைக் கேட்கத் தெரியவில்லை. எங்களுக்கு டீ வருவதற்குள் செய்தி ஊருக்குப் போய், ஊர் தன் வசதிக்கு அர்த்தம் பண்ணிக்கொண்டது. தலைவர் வாபஸ் வாங்க மாட்டார். சங்கத்து அருணாசலம் காரும் கூட்டமுமாகத் திரிகிறவர், அவரும் வாங்க மாட்டார். அப்படியானால் வாங்கியது யார்? கால் சூம்பினவன்தான். எவனோ காசு கொடுத்திருப்பான்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கட்டைச் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட வேகமாக. சட்டையெல்லாம் வியர்வை. என் மேசைக்கு எதிரில் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"மேடம், நான் வாபஸ் வாங்கினேனா?"

இத்தனை வருட சர்வீஸில் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"நீங்க இன்னைக்கு ஆபீஸ் பக்கமே வரலையே. வாபஸ் வாங்கினது சங்கத்து அருணாசலம்."

"அதை எழுதிக் குடுங்க மேடம். எங்க தெருவுல ஒருத்தரும் நம்ப மாட்டேன்றாங்க. எவ்ளோ வாங்கினேனு கேக்கறாங்க. எங்க அண்ணி சோத்தைப் போட்டுட்டு, தட்டை எடுத்துக்கினு போய்ட்டாங்க. 'அம்மாவைத் தண்ணியில தூக்கினு போனதை வித்துத் தின்னுட்டியா'னு கேட்டாங்க."

சொல்லும்போது உதடு நடுங்கியது. ஆனால் என் வாயில் என்ன வந்தது தெரியுமா? ஆபீஸ் பாஷைதான் வந்தது. "இறுதிப் பட்டியல் நோட்டீஸ் போர்டுல ஒட்டுவோம், அதுல உங்க பேர் இருக்கும்" என்றேன்.

"அதுல அருணாசலம்னுதான மேடம் இருக்கும்? அவரு பேரும் அருணாசலம்தான். போர்டைப் பாத்துட்டு, அது தலைவர் பேரு, உன் பேரு எங்கடானு கேப்பாங்க."

அவர் சொன்னது சரிதான். அகர வரிசைப்படி வாக்குச்சீட்டில் அ. அருணாசலத்துக்குக் கீழேயே ஆ. அருணாசலம். நடுவில் வித்தியாசம் ஒரு சுழி. அச்சில் மை கொஞ்சம் அப்பினால் அதுவும் போச்சு. ஏற்கெனவே இவர் விலகிவிட்டார் என்று நம்பிக்கொண்டிருக்கிற ஜனம், ஒரு பெயரை மட்டும் பார்த்துவிட்டு முத்திரை குத்திவிட்டுப் போய்விடும்.

விதியில் இதற்கு வழி இருக்கிறது. ஒரே பெயரில் இருவர் நின்றால் தொழிலையோ வசிப்பிடத்தையோ சேர்த்து வேறுபடுத்திக் காட்டலாம். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டு ஒரு சொல், அவ்வளவுதான். நான் இரண்டு வேட்பாளர்களையும் உட்கார வைத்தேன். அச்சகத்திலிருந்து வந்த ஆள் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தலைவர் ஒரு வக்கீலோடு வந்தார். அவர் வந்த முகூர்த்தம், என் மேலதிகாரியிடமிருந்து போன்.

"ஏம்மா, இனிஷியல்தான் வேற வேறயா இருக்கே? அப்புறம் இன்னாத்துக்கு வம்பு? அப்டியே விட்டுடுங்க."

"சரிங்க சார். அதையே எழுத்துல ஒரு வரி அனுப்பிடுங்க, விட்டுடறேன்."

லைன் கட்டாகிவிட்டது. இதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் உத்தரவு போடுகிறவரிடம் எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேருக்கு உடனே சிக்னல் போய்விடும்.

வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மேடம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. விதிப்படியே போகலாம். வசிப்பிடம் போடுங்க. எங்க ஆளுக்கு மேட்டுத் தெரு. இவருக்குக் காலனி."

அந்தச் சொல்லை எதற்குச் சொல்கிறார் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். வாக்குச்சீட்டில் அது ஒரு தெருவின் பெயராக இருக்காது. ஜாதியை அச்சடித்து ஊர் முழுக்கக் கையில் கொடுத்த மாதிரி இருக்கும். அதுவும் சட்டப்படி! எனக்கு உச்சந்தலை சூடேறியது.

"அது வேணாம். அடுத்தது சொல்லுங்க" என்றேன்.

தலைவர் நல்லவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அப்போ ஊருக்குத் தெரிஞ்ச மாதிரி நொண்டி அருணாசலம்னே போட்டுடுங்களேன் மேடம்? நான் ஒண்ணும் கேவலமாச் சொல்லலை. எல்லாரும் அப்டித்தான கூப்டறாங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஆ. அருணாசலம் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"போடுங்க மேடம். எதையாவது போடுங்க. நான் நிக்கறேன்னு தெரிஞ்சாப் போதும்."

எனக்கு இருவர் மேலும் ஒரே நேரத்தில் கோபம் வந்தது. அவர் கேட்டதற்காக அவர் மேல், இவர் ஒத்துக்கொண்டதற்காக இவர் மேல். "யாரும் எதையாவது போட இது சுவர் விளம்பரம் இல்லை" என்று கத்தினேன். வேட்புமனுவில் இவர் தொழில் என்ன போட்டிருக்கிறார் என்று பார்த்தேன். கூலி. அந்த ஊரில் பாதிப் பேர் கூலி. அதனால் என்ன அடையாளம் தெரியும்?

அப்போதுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த எங்கள் உதவியாளர், இத்தனை நேரம் நடந்த எதையும் காதில் வாங்காமல், திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"மேடம், இப்ப எந்த அருணாசலத்துக்கு டைப் பண்ணணும்? மனு அருணாசலத்துக்கா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கோப்பைத் தேடினார்கள். அவர் தலையை நிமிர்த்தினார்.

"இங்க எனக்கு அந்தப் பேரா?"

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நல்லாத்தான் கீது" என்றார்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "உங்க மனு மட்டும்தான் எழுதுவீங்களா, மத்தவங்களுக்கும் எழுதித் தருவீங்களா?"

"யாரு கேட்டாலும் எழுதித் தருவேன் மேடம். முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு, பட்டா. மேட்டுத் தெருவுலருந்துகூட வருவாங்க." தலைவரைப் பார்க்காமலே சொன்னார். "இவரு சின்னம்மாவோட விதவை பென்ஷன் மனு நான் எழுதினதுதான்."

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தொழில், மனு எழுதுபவர்" என்று உதவியாளரிடம் சொன்னேன். "அவருக்கு விவசாயம்."

வக்கீல் எழுந்தேவிட்டார். "ஆட்சேபிக்கிறேன் மேடம். இவர் பதிவு பெற்ற எழுத்தர் கிடையாது. லைசென்ஸ் இல்லை."

"உங்க ஆளு விவசாயம்னு போட்டிருக்கார். அதுக்கு லைசென்ஸ் கொண்டு வந்தாரா?"

"இது ஒருத்தருக்கு விளம்பரம் பண்ற மாதிரி இருக்கு. உங்க வீட்டுக்காரர் பேருகூட அருணாசலம்னு கேள்விப்பட்டேன். ஒரு சாய்வு இருக்கத்தானே செய்யும்?"

தம்பிகளே, என் கணவர் பெயரை வைத்து நான் கேட்காத கிண்டல் இல்லை. ஆனால் இதற்கு எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. "சார், அந்தப் பேர் மேல எனக்குச் சாய்வு இருந்தா இந்த மாவட்டத்துல எப்பவோ பைத்தியம் பிடிச்சிருக்கும்" என்றேன். கையெழுத்துப் போட்டு அச்சகத்து ஆளிடம் கொடுத்தேன். ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். பட்டியலின் ஒரு பிரதியை விதிப்படி வேட்பாளருக்குத் தர வேண்டும், தந்தேன். மனு அருணாசலம் அதை நாலாக மடிக்கவில்லை. விரித்தபடியே நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஒரு கையில் கட்டையை ஊன்றிப் போனார். அதைத் தெருவில் வீடு வீடாகக் காட்டியிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சிலர் நம்பினார்கள், சிலர் அதுவும் செட்டப் என்றார்களாம்.

வாக்கு எண்ணிக்கை அன்றைக்கு என்ன நடந்தது என்கிறீர்கள்? இரண்டு அருணாசலத்தையும் ஒரே தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்! ஒருத்தர் சீட்டைப் பிரித்து 'அருணாசலம்' என்கிறார், அடுத்தவர் வாங்கி அருணாசலம் தட்டில் போடுகிறார். அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லைக் கொண்டுவர நான் பட்ட பாட்டையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் தட்டில் கொட்டிக் கலந்து வைத்திருந்தார்கள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசையில் எண்ணுகிறவர்களே நிறுத்திவிட்டார்கள்.

"எல்லாம் ஒரே பேருதான மேடம்" என்றார் ஒரு பெரிய மனிதர்.

"அப்போ உங்க சம்பளத்தையும் அதே பேரு இருக்கற இன்னொருத்தருக்குப் போட்டுடலாமா?"

முதலிலிருந்து பிரிக்கச் சொன்னேன். பெயரைப் படிக்காதீர்கள், சின்னத்தைப் பாருங்கள் என்றேன். தலைவருக்குப் பூட்டு சாவி, மனு அருணாசலத்துக்கு மூக்குக் கண்ணாடி. தலைவரின் முகவர் வந்து, "ஜாஸ்தி கம்மி ஒண்ணும் ஆவாது மேடம், எதுக்கு மறுபடி?" என்றார். நாற்காலியை அந்த மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முடிவு வந்தது. தலைவர் ஜெயித்திருந்தார். வித்தியாசம் பெரிதில்லை, ஆனாலும் ஜெயித்தவர் ஜெயித்தவர்தான். நான் கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள், மைக் பிடித்திருந்த அவசரக் குடுக்கை அறிவித்துவிட்டான்.

"ஊராட்சித் தலைவர் பதவிக்கு அருணாசலம் வெற்றி!"

இத்தனைக்குப் பிறகும்! மைக்கைப் பிடுங்கி அவன் தலையில் போடலாம் போல இருந்தது. வெளியே இரண்டு பக்கத்திலும் பட்டாசு வெடித்தது. கிழக்கு கேட்டில் தலைவர் ஆட்கள். மேற்கு கேட்டில் காலனி ஜனங்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். சூம்பின கால் ஒருத்தன் மார்பில் தொங்குகிறது, கட்டையை ஒரு பெண் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடுகிறாள். இன்னொரு பெண் கையில் மாலையோடு முண்டியடித்து முன்னால் வருகிறாள், கண்ணெல்லாம் தண்ணீர். அது அவருடைய அண்ணி என்று யாரோ சொன்னார்கள். சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு போன அதே அண்ணி.

யார் போய்ச் சொல்வது? இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். மைக் பிடித்தவன் என்னைப் பார்த்தான். அப்படிப் பார்ப்பதற்கு மட்டும் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். நானே இறங்கிப் போனேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் கிட்டே போய் நின்றேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"இறக்கி விடுங்கப்பா" என்றார். "அது அவரு."

இறக்கிவிட்டார்கள். பட்டாசு எங்கள் பக்கம் நின்று, அந்தப் பக்கம் மட்டும் வெடித்துக்கொண்டிருந்தது. அண்ணி மாலையைப் பிடித்தபடியே நின்றாள். அவர் கட்டையை வாங்கி ஊன்றிக்கொண்டு என்னைக் கேட்டார்.

"எனக்கு எவ்ளோ மேடம்?"

சொன்னேன். அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார், சொன்னேன்.

"எங்க தெருவுல இருக்கற ஓட்டு மொத்தமும் விழுந்தாலும் இவ்ளோ வராதே" என்றார். பிறகு அண்ணி பக்கம் திரும்பினார். "அண்ணி, மேட்டுத் தெருவுலயும் போட்டுக்கீறாங்க. நான் வாபஸ் வாங்கலைனு அவங்களே நம்பிக்கீறாங்க."

அண்ணி கையில் இருந்த மாலையை அவர் கழுத்தில் போட்டாள். தோற்றவருக்கு மாலை போட்டு நான் பார்த்த ஒரே தேர்தல் அதுதான். எனக்கு அழுகை வந்தது. அழுதேன், அதில் என்ன இருக்கிறது. அப்புறம் உள்ளே போய், தலைவர் அருணாசலத்துக்குச் சான்றிதழ் கொடுத்துக் கை கூப்பினேன். அதுவும் என் வேலை.

அடுத்த திங்கள்கிழமை கட்டைச் சத்தம் கேட்டது. இந்த முறை நான் கோப்பில் தலையைப் புதைக்கவில்லை. அதே மனு, அதே சுடுகாட்டுப் பாதை. அடியில் பெயர் மட்டும் புதிது: ஆ. அருணாசலம் (மனு எழுதுபவர்). நானே இடத்தைப் போய்ப் பார்த்து, சிறு பாலத்துக்கும் பாதைக்கும் மதிப்பீடு போட வைத்து, மேலே அனுப்பிவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன். முடிந்தது என்று நினைத்தேன்.

போன மாதம் அவரிடமிருந்து போன் வந்தது. என் போனில் அவர் இப்போது 'அருணாசலம் எடு'. பாதை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"போட்டாச்சுனு ஆபீஸ்ல சொல்றாங்க மேடம். கோப்பை மூடிட்டாங்களாம்."

விசாரித்தேன். பாதை போட்டிருக்கிறார்கள்தான். மேட்டுத் தெருவிலிருந்து தலைவர் நிலத்துக்கு. அதைக் கேட்டு விண்ணப்பித்தவர் அருணாசலம். இவர் கோப்பின் மேல் உங்களில் யாரோ ஒருவர் அழகான கையெழுத்தில் குறிப்பு எழுதியிருக்கிறீர்கள்: 'அருணாசலம் கோரிய பாதை அமைக்கப்பட்டது. கோப்பு முடிக்கப்படலாம்.' யார் எழுதியது என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் அதுவும் ஒரு அருணாசலமாகத்தான் இருக்கும்.

அந்தக் கோப்பைத் திறங்கள். ஆ போட்ட அருணாசலம், அடைப்புக்குறிக்குள் மனு எழுதுபவர். நேரில் போய் ஓடைக்கரையில் நின்று பாருங்கள், எந்தக் கரையில் என்று அவரே காட்டுவார். அவருடைய அண்ணிக்கு உடம்பு சரியில்லையாம். மழைக்கு முன்னால் போங்கள்.